ஊதுபத்தியால் போட்ட ஓட்டைகள்

குரு கதைகளில் வரும் குருவுக்குக் கோபம் வராது. தாடியைத் தடவிக்கொண்டு புன்னகைப்பார். இந்தக் கதையில் வருபவருக்குக் கோபம் வரும். சொல்கிற எனக்கும் வருகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குருவின் பெயர் தமயந்தி. வயது இருபத்தொன்பது. தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். ஆத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் பந்திக்கூடத்தில், தினமும் காலை ஆறிலிருந்து எட்டு வரை, அரசுத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு வகுப்பு எடுத்தார். முகூர்த்த நாளில் பந்திக்கூடம் கிடைக்காது. அன்றைக்கு வகுப்பு மாடியில், மாப்பிள்ளை அறையில் நடக்கும்.

சீடரின் பெயர் பெரியண்ணன். குருவைவிட ஒன்பது வயது மூத்தவர். சேகோ மில்லில் ஜவ்வரிசி மூட்டை தைக்கிற வேலை. குரு அவரை அண்ணா என்பார். சீடர் குருவை மேடம் என்பார். மில்லில் அவரைக் கலெக்டர் என்பார்கள். அது மரியாதைக்குச் சொல்வதில்லை.

பெரியண்ணன் இதுவரை எழுதிய மாதிரித் தேர்வுகள் அறுநூற்றுப் பதினொன்று. இதை யாராவது கேட்டால்தான் சொல்வார் என்றில்லை. டீக்கடையில் சர்க்கரை கம்மியாகப் போடச் சொல்லும்போதே சொல்லிவிடுவார்.

போன வருடம் அவருக்கு வேலை ஒரே ஒரு கேள்வியில் போனது. ஒன்றரை மதிப்பெண். இந்த வருடத் தேர்வோடு அவருக்கு வயது வரம்பு முடிகிறது. அடுத்த வருடம் விண்ணப்பமே போட முடியாது. அவர் மனைவி பூங்கொடி இதைப் பற்றி ஆறு வருடம் வாயைத் திறக்கவில்லை. இந்த முறை மட்டும் ஒன்று சொன்னாள்.

"கெடச்சாலும் சரி, கெடைக்கலன்னாலும் சரி. பரீட்சை முடிஞ்சு வர்றப்ப அந்தக் கருப்புப் பேனாவ வழியிலயே தூக்கிப் போட்டுட்டு வந்துருங்க."

தேர்வுக்குப் பத்தொன்பது நாள் இருக்கும்போது பெரியண்ணன் குருவிடம் வந்து தன் கேள்வியைக் கேட்டார்.

"மேடம், ஒரு நாளைக்கு மூணு டெஸ்ட் எழுதறேன். நாலாக்கட்டுமா, அஞ்சாக்கட்டுமா?"

தமயந்தி வருகைப் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நேத்து எழுதுனதுல எத்தன தப்பு?"

"முப்பத்தெட்டு."

"அதுல ஒண்ணு சொல்லுங்க."

"என்னது மேடம்?"

"முப்பத்தெட்டுல ஏதாவது ஒரு கேள்விய சொல்லுங்க. நேத்துதான எழுதுனீங்க."

பெரியண்ணன் யோசித்தார். கூரையில் சுற்றாமல் நின்றிருந்த மின்விசிறியைப் பார்த்தார்.

"மார்க்கு நூத்தி அறுவத்திரெண்டு மேடம்."

"நான் மார்க்கு கேக்கல."

"அதுக்கு முந்தின டெஸ்ட்ல நூத்தி அம்பத்தொம்போது. இப்ப மூணு ஏறியிருக்கு."

"ஏறட்டும். எந்தக் கேள்வி தப்பாச்சுன்னு கேட்டேன்."

தமயந்தி பேனாவை மூடி வைத்தார்.

"சரி, அத விடுங்க. போன வருஷம் ஒரே ஒரு கேள்வியில வேல போச்சுன்னு சொல்றீங்க. இந்தக் கூடத்துல அதக் கேக்காதவங்க யாரும் இல்ல. அது எந்தக் கேள்விண்ணா?"

பெரியண்ணனின் முகம் மாறியது. அவருக்கு அது தெரியாது. தேர்வாணையம் இறுதி விடைகளை வெளியிட்டது. அவர் பேனாவால் வட்டங்களைக் கருப்பாக்கிய விடைத்தாளின் நகலும் இணையத்தில் வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை. முடிவு வந்த மறுநாளே அடுத்த மாதிரித் தேர்வு எழுத உட்கார்ந்துவிட்டார். மன உறுதி என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

"அதத் தெரிஞ்சு இப்ப என்ன ஆவப்போவுது மேடம்? போனது போனதுதான்."

"போனத ஒரு தடவ பாத்திருக்கலாம்ல?"

"பாத்தா வேல குடுப்பானா?"

"பாக்காததுக்குக் குடுத்தானா?"

பக்கத்துப் பந்தி மேசையில் படித்துக்கொண்டிருந்தவர்கள் படிப்பதை நிறுத்தினார்கள். தமயந்தி பதிவேட்டைத் தள்ளி வைத்தார்.

"இன்னையிலருந்து உங்களுக்கு டெஸ்ட் கெடையாது."

"என்னங்க மேடம் வெளையாடறீங்க? பத்தொம்போது நாள் இருக்கு!"

"அதனாலதான் சொல்றேன்."

"எல்லா சென்டர்லயும் டெஸ்ட்டு டெஸ்ட்டுன்னு அடிச்சுக்கறான். நீங்க மட்டும் எழுதாதங்கறீங்க. உங்களுக்கென்ன, வேலைல ஒக்காந்தாச்சு. எனக்கு இத விட்டா மூட்டதான் மேடம். சாவற வரைக்கும் மூட்டதான்."

சொன்ன பிறகு அவருக்கே கொஞ்சம் உறைத்திருக்க வேண்டும். ஆனால் வார்த்தை போய்விட்டது.

"வெளிய போங்கண்ணா," என்றார் தமயந்தி.

அவர் போனார். செருப்பை மாட்டும்போது வாசல் கதவை ஒரு உதை விட்டார். கதவு என்ன பாவம் செய்ததோ.

அவரைக் குறை சொல்லி என்ன பயன்? கைப்பேசியைத் திறந்தால் ஒருவன் நாற்பது நாளில் நாற்பதாயிரம் வினாக்கள் என்று கூவுகிறான். இன்னொருவன் ஐம்பதாயிரம் என்கிறான். இந்தக் கூச்சலில் எந்தக் கேள்வி தப்பாச்சு என்று மெதுவாகக் கேட்பவர் பைத்தியமாகத்தான் தெரிவார். அதோடு இன்னொன்றும் இருக்கிறது. புதுத் தேர்வு எழுதும்போது நாம் பாஸாகப் போகிறவர். பழைய தாளைத் திருப்பினால் நாம் தப்புச் செய்தவர். யார்தான் அதைத் திருப்புவார்? நானும் எழுதித் தோற்றவன்தான். என் தாள்களைப் பரணில் போட்டு மேலே ஒரு சாக்கை வேறு போட்டு மூடினேன்.

ஐந்து நாள் பெரியண்ணன் வரவில்லை. சேலத்துக்குப் பஸ் ஏறிப் போய் ஒரு பெரிய பயிற்சி மையத்தில் மாதிரித் தேர்வு எழுதினார். ஐந்து நாளில் பன்னிரண்டு தேர்வு. கடைசித் தேர்வில் நானூறு பேரில் மூன்றாவதாக வந்தார்.

ஆறாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. வைகாசி முகூர்த்தம். மண்டப வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். கீழே நாதஸ்வரம் முழங்கிக்கொண்டிருந்தது. பெரியண்ணன் சந்தனக் கிண்ணத்தைத் தாண்டி, பன்னீர் தெளிக்க வந்த பெண்ணையும் தாண்டி மாடிக்கு ஏறினார். மாப்பிள்ளை அறையில் ஏழெட்டுப் பேர் தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆணியில் மாப்பிள்ளையின் பழைய சட்டை தொங்கியது.

பெரியண்ணன் கைப்பேசியைத் தமயந்தியின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"மூணாவது ரேங்க்கு. நானூறு பேர்ல."

தமயந்தி அதைப் பார்க்கவில்லை.

"உக்காருங்கண்ணா. ஒரு பேப்பர் வெச்சிருக்கேன்."

பெரியண்ணனின் முகம் மலர்ந்தது.

"அப்படி வாங்க வழிக்கு."

வினாத்தாளில் முகப்புப் பக்கம் இல்லை. கேள்விகள் தொடங்கும் இரண்டாம் பக்கத்திலிருந்து இருந்தது. அவர் அதைக் கேட்கவும் இல்லை. விடைத்தாளைத் தொடை மேல் அட்டையில் வைத்து, கருப்புப் பேனாவைத் திறந்து, ஆரம்பித்தார்.

அவர் எழுதுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கண் கேள்வியின் பாதியிலேயே விடைக்குத் தாவும். கை கண்ணுக்கு முன்னால் வட்டத்துக்குப் போகும். கீழே கெட்டிமேளம் கொட்டியபோது அறையில் எல்லோரும் ஒரு கணம் தலை தூக்கினார்கள். அவர் தூக்கவில்லை. மூன்று மணி நேரத் தாளை ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் முடித்து நீட்டினார்.

தமயந்தி திருத்தினார்.

"பேப்பர் எப்படிண்ணா இருந்துச்சு?"

"நல்ல தரம் மேடம். எல்லாம் புதுசு புதுசா இருந்துச்சு. யாரு எடுத்தது?"

"நான்தான்."

"எப்ப எடுத்தீங்க?"

"போன வருஷம் பிப்ரவரில."

தமயந்தி மூலையிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்தார். வகுப்பில் எழுதிவிட்டு யாரும் வாங்கிப் போகாத தாள்கள் அதில் கட்டுக்கட்டாக இருந்தன. அதிலிருந்து ஒரு விடைத்தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். கருப்புப் பேனாவில் பெயர், கையெழுத்து, தேதி. வி.பெரியண்ணன். தவறுகள் மேல் சிவப்புக் கோடு. நாற்பத்து நான்கு தவறு. இருநூற்றுக்கு நூற்றைம்பத்தாறு சரி.

"இதே பேப்பரா?"

"இதே பேப்பர்தான்."

"இப்ப எத்தன மேடம்?"

"நூத்தி அம்பத்தஞ்சு."

பெரியண்ணன் விரலால் தரையில் ஏதோ கணக்குப் போட்டார். அதில் கணக்குப் போட ஒன்றும் இல்லை.

"ஒண்ணு கொறஞ்சிருக்கு," என்றார்.

தமயந்தி ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தினார். அந்த வகுப்பில் விடைத்தாள் திருத்தும் கீ அட்டையை அப்படித்தான் செய்வார்கள். எழுதாத விடைத்தாள் ஒன்றை எடுத்து, சரியான விடை இருக்கும் வட்டங்களை ஊதுபத்தி நுனியால் சுட்டு ஓட்டை போடுவார்கள். அதை மாணவர் தாள் மேல் வைத்தால் ஓட்டை வழியாகக் கருப்பு எத்தனை தெரிகிறதோ அத்தனை மதிப்பெண்.

தமயந்தி பழைய தாளைப் பார்த்துப் பார்த்து, எழுதாத தாள் ஒன்றில் சுட ஆரம்பித்தார். காகிதம் கருகும் வாசனையோடு மல்லிகைப்பூ வாசனையும் வந்தது. பத்தி அந்த ரகம்.

"அதான் திருத்தியாச்சே மேடம். இன்னொரு கீ எதுக்கு?"

"இது கீ இல்ல."

பத்து நிமிடம் ஆனது. பெரியண்ணன் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பத்து நிமிடத்தில் பதினைந்து கேள்வி போட்டிருக்கலாம் என்று அவர் நினைத்தது நெற்றியில் எழுதி ஒட்டியிருந்தது.

நாற்பத்து நான்கு ஓட்டை. தமயந்தி பத்தியை அணைத்துவிட்டு, ஓட்டைத் தாளை இன்றைய விடைத்தாளின் மேல் ஓரத்துக்கு ஓரம் பொருத்தி வைத்தார்.

"போன வருஷம் நீங்க தப்பா கருப்பாக்குன வட்டம் மட்டும்தான் இதுல ஓட்ட. இப்ப எத்தன ஓட்டையில கருப்பு தெரியுதுன்னு எண்ணுங்க."

பெரியண்ணன் எண்ணினார். பாதியில் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"முப்பத்தாறு."

கீழே யாரோ ஒலிபெருக்கியில் முதல் பந்திக்கு அழைத்தார்கள்.

பெரியண்ணனுக்குக் கோபம் கால் பெருவிரலிலிருந்து ஏறியது.

"ஏமாத்திட்டீங்க மேடம். இன்னும் பதிமூணு நாள்தான் இருக்கு. பழைய பேப்பரக் குடுத்து என் ஒரு நாளக் கெடுத்துட்டீங்க. புதுசு ஏதாச்சும் எழுதியிருந்தா எவ்வளவோ தெரிஞ்சிருக்கும். எல்லார் முன்னாடியும் வெச்சு என்னைய மட்டம் தட்டணும், அதான உங்களுக்கு?"

"ஒரு நாளா?" தமயந்தி எழுந்தே விட்டார். "ஒரு வருஷம் போயிருக்குண்ணா! இதுக்கும் அதுக்கும் நடுவுல நானூறு பேப்பர் எழுதியிருக்கீங்க. மூட்ட தெச்சுட்டு வந்து, தூக்கத்த விட்டு, சோத்த விட்டு எழுதியிருக்கீங்க. அது என் ஒடம்பா? உங்க ஒடம்புதான? பூங்கொடி அக்காவுக்கு நீங்க என்ன பதில் சொல்வீங்க? எனக்கு வயிறு எரியுதுண்ணா!"

அதுவரை தமயந்தி கத்தி யாரும் கேட்டதில்லை. வினாத்தாளையும் ஓட்டைத் தாளையும் இன்றைய விடைத்தாளையும் சேர்த்துச் சுருட்டிப் பெரியண்ணன் கையில் திணித்தார்.

"எடுத்துட்டுப் போங்க. முப்பத்தாறு ஓட்டைக்கும் பக்கத்துல ஏன்னு எழுதுங்க. சரியான விட என்னன்னு எழுதாதீங்க, அது கைடுலயே இருக்கு. அத விட்டுட்டு இத எதுக்குக் கருப்பாக்குனேன்னு எழுதுங்க."

"முப்பத்தாறையும் எழுதறதுக்குள்ள ரெண்டு டெஸ்ட் எழு..."

"அந்த வார்த்தைய இங்க சொல்லாதீங்க."

பெரியண்ணன் கல்யாணச் சாப்பாடு வாசனையைக் கடந்து வீட்டுக்குப் போனார். போகும் வழியெல்லாம் திட்டினார். தாலுகா அலுவலகத்தைத் திட்டினார். ஊதுபத்தியைத் திட்டினார்.

வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து ஓட்டைத் தாளைப் பொருத்தினார். முதல் ஓட்டை பதினேழாம் கேள்வி. தேசியப் பூங்காக்களும் மாநிலங்களும். அவர் கருப்பாக்கியது, கிர் - குஜராத்.

கிர் குஜராத்தில்தான் இருக்கிறது. சிங்கமே வந்து இல்லை என்றாலும் அங்கேதான் இருக்கிறது. பெரியண்ணன் பாடநூலை எடுத்துச் சரிபார்த்தார். குஜராத். அவருக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் எழுதினார்: கீ தவறு.

இரண்டாவது ஓட்டை. அதற்கு அவர் நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டார். அது உண்மையிலேயே தெரியாத கேள்வி. தெரியாமல் குத்துமதிப்பாகப் போட்டது. போன வருடமும் இந்த வருடமும் அதே குத்துமதிப்பு. தெரியாமல் போட்டேன் என்று எழுதினார்.

மூன்றாவது ஓட்டை, வைட்டமின்களும் குறைபாட்டு நோய்களும். அவர் கருப்பாக்கியது, வைட்டமின் சி - ஸ்கர்வி. மறுபடி பாடநூல். மறுபடி அவர்தான் சரி. கீ தவறு.

ஏழாவது ஓட்டைக்கு வரும்போது நான்கு இடத்தில் கீ தவறு என்று எழுதியிருந்தார். அவருக்கு இப்போது கோபம் வேறு மாதிரி வந்தது. உற்சாகமான கோபம்.

"பூங்கொடி! இங்க வா. அந்தம்மா கீயவே தப்பா வெச்சிருக்கு. தப்பான கீய வெச்சுத் திருத்திட்டு என்னைய அத்தன பேர் முன்னாடி கத்துது."

பூங்கொடி கையில் பாதி உரித்த பூண்டோடு வந்தாள்.

"எங்க?"

"இதப் பாரு. கிர் எங்க இருக்கு?"

"எனக்கென்ன தெரியும்?"

"குஜராத்துல இருக்கு. நான் அதத்தான் போட்டிருக்கேன். தப்புன்னு கோடு போட்டிருக்கு."

பூங்கொடி வினாத்தாளை வாங்கினாள். அவள் பத்தாவது வரை படித்தவள். படித்துப் பல வருடம் ஆனதால் ஒவ்வொரு சொல்லாக, விரல் வைத்து, சத்தமாகப் படித்தாள்.

"பின்வருவன... வற்றுள்... தவறான... இணை... எது."

நிமிர்ந்து பார்த்தாள்.

"தவறானதத்தான கேட்டிருக்கான்? நீங்க ஏன் சரியானதப் போட்டீங்க?"

பெரியண்ணன் தாளைப் பிடுங்கினார். படித்தார். அதில் அந்தச் சொல் இருந்தது. தடித்த எழுத்தில்கூட இருந்தது. வைட்டமின் கேள்வியைப் பார்த்தார். தவறான இணையைத் தேர்ந்தெடுக்க. அடுத்தது, பொருந்தாதது எது. அடுத்தது, இவற்றுள் எது சரியன்று.

கன்ஹா - ராஜஸ்தான் என்பது நான்காவது விடையாக இருந்தது. அது தவறு என்று அவருக்குத் தெரியும். கன்ஹா மத்தியப் பிரதேசம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் அவர் கண் நான்காவது விடை வரைக்கும் போனதே இல்லை. முதலில் கண்ணில் பட்ட சரியானதைப் பார்த்ததும் கை கருப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டது.

அன்று மாலைக்குள் முப்பத்தாறு ஓட்டையும் முடிந்தது. பத்தொன்பது ஓட்டை அந்த வகை. நான்கு இடத்தில் எழுதியிருந்த கீ தவறு என்பதை அவர் அடித்தார். பேனா தாளைக் கிழித்தது.

பூங்கொடி சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் வரவில்லை. அவளும் இரண்டாம் முறை கூப்பிடவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு முன்பே பெரியண்ணன் பந்திக்கூடத்துக்கு வந்துவிட்டார். நேற்றைய கல்யாணத்துக்குப் பிறகு தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். தமயந்தி ஈர மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு மூன்று பேர் பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியண்ணன் தாள்களை மேசையில் வீசினார்.

"பத்தொம்போது மேடம்."

"ம்."

"தெரியாம இல்ல. பத்தொம்போதுக்கும் எனக்கு விட தெரியும். தவறானங்கற சொல்லு என் கண்ணுல படவே இல்ல. நாலு எழுத்து மேடம். நாலு எழுத்த ஒருத்தன் எப்படிப் பாக்காம இருப்பான்?"

"ம்."

"ம்முனா என்ன அர்த்தம்? உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலருந்து?"

தமயந்தி துணியைக் கீழே வைத்தார்.

"போன வருஷம் பிப்ரவரிலருந்து."

பெரியண்ணன் மேசையை ஓங்கி அடித்தார். ஈரம் தெறித்தது.

"தெரிஞ்சா சொல்ல மாட்டீங்களா? எனக்குப் பரீட்ச ஜூன்ல மேடம்! நாலு மாசம் இருந்துச்சு! ஒரே ஒரு கேள்வியில போச்சு. இதுல ஒண்ணே ஒண்ணு... ஒரே ஒண்ண ஒழுங்காப் படிச்சிருந்தா நான் இன்னைக்கு வேலையில இருந்திருப்பேன். என் பொண்டாட்டி அந்தப் பேனாவப் பத்தி அப்படிச் சொல்லியிருக்க மாட்டா. ஒரு வார்த்த மேடம். ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சு போயிருப்பீங்க?"

பாய் விரித்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

தமயந்தி தகரப் பெட்டியிலிருந்து அந்தப் பழைய விடைத்தாளை எடுத்தார். அவர் முன்னால் கவிழ்த்து வைத்தார்.

பின்பக்கத்தில், சிவப்பு மையில், பொடி எழுத்தில் எழுதியிருந்தது.

"அண்ணா, தவறானது எது என்று கேட்டால் சரியானதைக் குறிக்கிறீர்கள். மொத்தம் 21 இடம். கேள்வியைக் கடைசி வரை படிக்கவும். இதைச் சரிசெய்தால் போதும், உங்களுக்கு வேலை நிச்சயம்."

கீழே கையெழுத்து. பிப்ரவரி மாதத் தேதி.

பெரியண்ணன் அதை விரல் வைத்துப் படித்தார். ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். கடைசி வரி வரைக்கும் படித்தார்.

தலை தூக்காமலேயே கேட்டார்.

"எழுதுனீங்க, சரி. என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்ல மேடம்?"

"கூப்பிட்டேண்ணா. தாளையும் நீட்டுனேன். மார்க்கு நூத்தி அம்பத்தாறு, தெரியும் மேடம், அடுத்த பேப்பரக் குடுங்கன்னு கைய நீட்டுனீங்க."

தமயந்தி கண்ணில் வந்த நீரைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"நானும் எடுத்துக் குடுத்தேன்."